ஒரு ன் அதிகம்

ஆறு மணிக்கு எழுகிறேன். கதவில் தொங்கும் பையிலிருந்து நந்தினி பால் பாக்கெட்டை எடுக்கிறேன். காவேரித் தண்ணீர் வரும் நாளென்றால் மோட்டார் போடுகிறேன். பல் தேய்க்கிறேன். காபி போட்டுக் குடிக்கிறேன். டம்ளரைக் கழுவிக் கவிழ்க்கிறேன். ஆறரைக்கு பிரபாவின் லேப்டாப்பைத் திறந்து எட்டு மணி வரை விளையாடுகிறேன். பிறகு குளியல், சட்டை, அல்சூர் மெட்ரோ, வைட்ஃபீல்ட் ஆபீஸ்.

பிரபா என் மனைவி. மார்ச் பதினேழாம் தேதி இறந்தாள். மூளையில் ரத்தக் கசிவு. இருபத்தொன்பது வயது. வீட்டிலிருந்தே சப்டைட்டில் எழுதும் வேலை செய்தாள். நான் ஆபீசில் இருந்தேன். ஐந்தரை மணிக்குக் கீழ் வீட்டு அம்மா மேலே வந்து பார்த்திருக்கிறார்.

அன்று காலை நான் கிளம்பும்போது அவள் என்னிடம் ஏதோ சொன்னாள். நான் ஷூ மாட்டிக்கொண்டிருந்தேன். காதில் ஹெட்போன். தலையை ஆட்டினேன். என்ன சொன்னாள் என்று தெரியாது.

விளையாட்டு அவளுடையது. சாம்ராஜ்யம் கட்டுவது. ஒரே ஒரு ஊரோடு தொடங்கி வயல், சாலை, மதில், படை என்று சேர்த்துப் பரவ வேண்டும். சதுரங்கம் போல நம் முறை வரும்போதுதான் ஆடலாம். எல்லாக் கட்டளைகளையும் கொடுத்து முடித்து ஒரு பொத்தானை அழுத்தினால் அது ஒரு டர்ன். பிறகு கம்ப்யூட்டர் நடத்தும் எதிரி நாடுகள் தங்கள் டர்னை ஆடும். முந்நூறு டர்னுக்குள் ஜெயிக்க வேண்டும். மொத்தம் எட்டு லெவல். அவள் எட்டாவதில் இருந்தாள். அவள் சேமித்து வைத்த ஆட்டம் நூற்று எண்பத்தேழாவது டர்னில் நிற்கிறது.

இதையெல்லாம் நான் ஜூலையில்தான் தெரிந்துகொண்டேன். லேப்டாப்பைத் திறந்தபோது விளையாட்டும், பக்கத்திலேயே ஒரு சாட் பெட்டியும் இருந்தன. அதில் ஒரே ஒரு ஆள். பெர்னார்ட். இரண்டு வருடத்துப் பேச்சு. நான்கு காலைகளில் படித்து முடித்தேன். ஆங்கில எழுத்தில் தமிழ்.

“மச்சா, செவப்பு நாட்டுக்காரனோட ஆறு குதிரை ஆத்தாண்ட நிக்குது. என்ன பண்ண?”

“பாலத்த ஒடச்சிடு மச்சா.”

“ஒடச்சா எனக்கு கோதுமை உங்கப்பன் எடுத்துட்டு வருவாரா?”

“அவரு வரமாட்டாரு. முட்டி வலி.”

முழுக்க முழுக்க இப்படித்தான். தவறாக ஒரு வரி இல்லை. தேடினேன், இல்லை.

ஆனால் அந்த மச்சா.

எங்கள் செய்யாறு பக்கம் ஒரு பெண் ஒருவனை மச்சான் என்றால், அவளைக் கட்டியவன், இல்லையென்றால் கட்டிக்கொள்ளும் முறை உள்ளவன். பெங்களூரில் அப்படி இல்லை. ஆட்டோக்காரரும் மச்சா, ஏ.டி.எம். வாசலில் நிற்பவரும் மச்சா. ஆறு வருடமாக இங்கே இருக்கிறேன், எனக்குத் தெரியும். அவள் இங்கே மர்பி டவுனிலேயே பிறந்து வளர்ந்தவள். அதுவும் தெரியும். தெரிந்ததால் ஒன்றும் குறையவில்லை. என்னை அவள் ஆதி என்பாள். கோபம் வந்தால் ஆதிகேசவன். சாட்டில் தேடும் பெட்டி ஒன்று இருந்தது. மச்சா என்று போட்டேன். ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டு. ஆதி என்று போட்டேன். ஒன்பது. ஒன்பதும் ஒரே வரி. “ஆதி வந்துட்டான், அப்புறம்.”

அவளுடைய வரைபடத்தைப் பார்த்தேன். ஐந்து ஊர்கள். பெயர்களை அவளே வைத்திருந்தாள். தலைநகரம் மர்பி டவுன். இரண்டாவது அல்சூர். மூன்றாவது லிங்கராஜபுரம். லிங்கராஜபுரத்தில் எங்களுக்கு யாரும் இல்லை. சாட்டில் மேலே போய்ப் பார்த்தேன். பெர்னார்டின் வீடும் கடையும் அங்கேதான்.

பிறகு அவள் போனை எடுத்தேன். சார்ஜ் போட்டேன். கடைசி அழைப்பு மார்ச் பதினேழு, மாலை மூன்று நாற்பத்திரண்டு. பெர்னார்ட். பதினாலு நிமிடம். அதற்குப் பிறகு எதுவும் இல்லை. அன்று எனக்கு அவள் போன் செய்யவே இல்லை.

அவள் போன பிறகும் அவன் எழுதியிருந்தான். முதல் நாள், “மதில் நின்னுச்சா?” மூன்றாம் நாள், “ஞாயித்துக்கிழமை வரட்டா?” அடுத்த வாரம், “கோவம்னா கோவம்னு சொல்லு.” மே மாதம், “எங்க போய்ட்ட மச்சா.” அவ்வளவுதான்.

ஞாயித்துக்கிழமை வரட்டா என்ற வரியிலேயே நான் ஒரு வாரம் இருந்தேன். மாதத்தில் இரண்டு ஞாயிறு நான் அம்மாவைப் பார்க்கச் செய்யாறுக்குப் போவேன். சனி மாலை போனால் ஞாயிறு இரவுதான் திரும்புவேன். கீழ் வீட்டு அம்மாவிடம், “நான் ஊருக்குப் போற ஞாயித்துக்கிழமைல யாராவது வருவாங்களா?” என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, “அவ அம்மா வருவாங்க, கருவாடு எடுத்துட்டு,” என்றார். அதற்கப்புறம் அவரிடம் எதுவும் கேட்கவில்லை.

ஆகஸ்ட் முதல் திங்கட்கிழமை அவனுக்குப் பதில் எழுதினேன். பிரபாவின் பெயரில்தான் பெட்டி இருந்தது. அந்தப் பெயரிலேயே எழுதினேன். எனக்கு இந்த ஆட்டம் ஆடத் தெரியாது, அவனுக்குத் தெரியும், யோசனை கேட்கிறேன். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எனக்கு வேண்டியது அந்தப் பதினாலு நிமிடம். அவள் கடைசியாகப் பேசியது அவன் காதில் இருக்கிறது. என் காதில் ஹெட்போன் இருந்தது.

“வேலை ஜாஸ்தி. இப்பதான் திறந்தேன். செவப்பு ஏறி வரான். என்ன பண்ணட்டும்?”

ஒரு நிமிடத்தில் பதில் வந்தது.

“மச்சாஆஆ! உயிரோட இருக்கியா நீ!”

“ம்” என்று எழுதினேன்.

மூன்று வாரம் தினமும் காலை ஆறரைக்கு யோசனை கேட்டேன். அவனும் அந்நேரத்துக்கு எழுந்திருந்தான். நல்ல பொறுமைசாலி. “படை கட்டாத. மொதல்ல சோறு. சோறு இல்லாத ஊர்ல வில்லாளி ஓடிப் போய்டுவான்.” “செவப்புக்கு நாலு குதிரை பரிசா அனுப்பு. பொண்ணு கேக்கப் போற மாதிரி மரியாதையா அனுப்பு. பத்து டர்ன் சும்னே கம்முனு இருப்பான்.” எட்டாவது லெவலில் எதிரிக்கு எல்லாமே பாதி விலை என்பதை விளக்க எனக்கு ஒரு படமே வரைந்து அனுப்பினான். எனக்கு அல்ல, அவளுக்கு.

அவளுடைய மூல ஃபைலை நான் தொடவில்லை. நகல் எடுத்துத்தான் ஆடினேன். முதல் நகலில் பதினோரு டர்னில் தோற்றேன். இரண்டாவது நகலில் அவன் சொன்னபடி ஆடி ஓரளவு தாக்குப்பிடித்தேன். லிங்கராஜபுரத்தைச் சிவப்பு சுற்றி வளைத்தபோது அல்சூரில் என் படை சும்மாதான் நின்றது. அனுப்பியிருக்கலாம். அனுப்பவில்லை. மூன்று டர்னில் ஊர் விழுந்தது. வழக்கம்போல திரையைப் படம் எடுத்து அவனுக்கு அனுப்பினேன். அன்று இரண்டாவது காபி போட்டேன், நன்றாக இருந்தது.

“என் ஊர விட்டுட்டியா? த்ரோகி!” என்றான்.

“படை இல்ல.”

“பக்கத்துல எட்டு வில்லாளி படுத்துத் தூங்கறான், படத்துல தெரியுது. ஆட்டமே மறந்து போச்சா ஒனக்கு? எங்க வீட்டுப் பூனை ஆடினாலும் இத விட நல்லா ஆடும்.”

அவன் திட்டுவதுகூட அவளுக்குத்தான் போய்ச் சேர்கிறது என்பது எனக்குப் பிடிக்கவில்லை. அதைப் படிக்காமல் இருக்கவும் முடியவில்லை.

மூன்றாவது வெள்ளிக்கிழமை பொறுமை தீர்ந்தது. அதுவரை அந்தச் சொல்லை மட்டும் நான் எழுதவில்லை. விரல் போகவில்லை. ஆனால் இப்படி ஒன்றைக் கேட்கும்போது அவள் எழுதுவதுபோல இருக்க வேண்டும் என்று நினைத்தேன். எழுதினேன்.

“மச்சான், மார்ச்ல கடைசியா போன்ல பேசினோமே. நான் என்ன சொன்னேன்னு ஞாபகம் இருக்கா?”

பதில் வரவில்லை. நான் குளித்துவிட்டு வந்து பார்த்தேன். வந்திருந்தது.

“யாரு இது?”

“நான்தான்.”

“பிரபா ‘மச்சான்’னு எழுத மாட்டா. இங்க எவனும் எழுத மாட்டான். மச்சா. அவ்ளோதான். யாரு நீ?”

என் வரியைப் பார்த்தேன். கடைசியில் ஒரு ன் அதிகமாக இருந்தது. பெங்களூரில் ஆறு வருடம் இருந்தும் என் கை செய்யாற்றிலேயே இருக்கிறது.

“ஆதியா?” என்று வந்தது.

சட்டையை மாட்டிக்கொண்டே திரையைப் பார்த்தேன்.

“ஆதிதானே. சரி பிடு, போகட்டும், கோவம் இல்ல. நாளைக்கு சனிக்கிழமை. மத்தியானமா கடைக்கு வா. அவளையும் கூட்டிட்டு வா.”

கீழே முகவரி இருந்தது.

சனிக்கிழமை பிரபாவின் ஸ்கூட்டரில் போனேன். தோளில் லேப்டாப் பை. லிங்கராஜபுரம் மேம்பாலம் தாண்டி, ஒரு சர்ச்சுக்குப் பின்னால் இருக்கும் சந்து. ஃபிளெக்ஸ், கல்யாணப் பத்திரிகை, விசிட்டிங் கார்டு என்று மூன்று மொழிகளில் எழுதிய போர்டு. நான் மனதில் உயரமான ஒருவனை வைத்திருந்தேன். பெர்னார்ட் குள்ளம். தொப்பை. முன்நெற்றி ஏறியிருந்தது. ஒரு ஃபிளெக்ஸை உருட்டிக்கொண்டிருந்தவன் என்னைப் பார்த்ததும் விட்டுவிட்டு வெளியே வந்தான். என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தான்.

“எங்க அவ? வண்டி நிறுத்தறாளா?”

“இறந்துட்டா,” என்றேன். “மார்ச் பதினேழு.”

“என்ன?”

“உங்ககிட்ட பேசின அன்னிக்கே.”

அவன் சிரிக்கப்போவதுபோல இருந்தது. பிறகு என் முகத்தைப் பார்த்தான். காகிதக் கட்டு ஒன்றின் மேல் உட்கார்ந்தான். அழ ஆரம்பித்தான். சத்தமாக. பக்கத்துக் கடை மெக்கானிக் ஸ்பேனரோடு எழுந்து வந்து பார்த்தார். பெர்னார்ட் அவரைக் கவனிக்கவில்லை. மூக்கைச் சட்டையிலேயே துடைத்துக்கொண்டான்.

நான் நின்றுகொண்டிருந்தேன். ஐந்து மாதமாக எனக்கு வராத ஒன்று, செய்தி கேட்ட ஒரு நிமிடத்தில் அவனுக்கு வந்துவிட்டது. அதற்கும் பொறாமைப்பட்டேன்.

உள்ளேயிருந்து ஒரு பெண் வந்தார். அவன் மனைவி ஸ்டெல்லா. ஏனாயித்து, ஏனாயித்து என்று கன்னடத்தில் கேட்டுக்கொண்டே வந்தவர் என்னைக் கண்டதும் தமிழுக்கு மாறினார். “என்னாச்சுங்க? யாரு நீங்க?”

“பிரபா போய்ட்டா மச்சா,” என்றான் பெர்னார்ட் அவரிடம். “மார்ச்லயே. இது அவ வீட்டுக்காரரு.”

மனைவியைத்தான் மச்சா என்றான். நான் அவரைப் பார்த்தது அவருக்குத் தெரிந்துவிட்டது போலிருக்கிறது.

“என்னையும் அப்டித்தாங்க கூப்புடுவான்,” என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். “எங்கம்மாவையும். ஒரு நாள் சர்ச்சுல பூசை முடிஞ்சி வெளிய வரப்ப ஃபாதரையே ‘வரேன் மச்சா’ன்னுட்டான். அவரு பாவம், ‘சரி மச்சா’ன்னுட்டாரு.” சொல்லிவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டார். “ஐயோ, நான் வேற இப்பப் போய். உள்ள வாங்க. தண்ணி குடிங்க.”

உள்ளே உட்கார்ந்தோம். மை வாடை. பெர்னார்ட் சுவரில் சாய்த்து வைத்திருந்த ஃபிளெக்ஸ்களைப் பார்த்தான். அதில் ஒன்று யாரோ ஒரு பெரியவரின் கண்ணீர் அஞ்சலி.

“போஸ்டர் எங்க அடிச்சீங்க?” என்றான்.

“தெரியல. அவ அப்பா பார்த்துக்கிட்டாரு.”

“நான் அடிச்சிருப்பேன். நல்ல பேப்பர்ல.”

ஸ்டெல்லா அவன் முதுகில் ஓர் அடி வைத்தார். “பேசற பேச்சப் பாரு.”

நான் லேப்டாப்பை எடுத்து மேசைமேல் வைத்தேன். அவளுடைய மூல ஃபைலைத் திறந்தேன். நூற்று எண்பத்தேழு. வேறெப்படி ஆரம்பிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. “இத எப்டி ஜெயிக்கிறது?” என்று கேட்டேன்.

அவன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, வரைபடத்தை இங்குமங்கும் நகர்த்தினான். விரலால் திரையைத் தொட்டான். லிங்கராஜபுரம் வந்ததும் நின்றான்.

“பாத்தீங்களா, சதுப்புல வச்சிருக்கா. அந்த மேப்லயே மட்டமான எடம் இதான். மழை பேஞ்சா உங்க ரோடு இப்டித்தானே இருக்கும்னு சொல்லி வச்சா.” மூக்கை உறிஞ்சினான். “இது தோத்த ஆட்டம். ஜெயிக்க முடியாது.”

“என்கிட்ட ஜெயிச்சிட்டிருக்கேன்னுதான் சொல்லுவா. தினம் கேப்பேன். ‘சூப்பரா போவுது’ன்னுவா,” என்றேன்.

“ஜனவரி வரைக்கும் சூப்பராத்தான் போச்சு. எட்டாவது லெவல்ல அவ மாதிரி ஆடின ஆள நான் பாத்ததில்ல. பிப்ரவரில ஒரு நாள், நல்லா இருந்த படை மொத்தத்தையும் வடக்க அனுப்பிட்டா. இங்க பாருங்க. வடக்க என்ன இருக்கு? பனி. ஒரு மண்ணும் இல்ல. பாதிப் பேர் அங்கயே செத்தான். அந்த சந்துல செவப்பு கெழக்க இருந்து ஏறிட்டான்.”

“ஏன் போனா?”

“அதத்தான் நானும் போன்ல கேட்டேன். என்கிட்ட ஒரு வார்த்த கேக்காம ஏன் போனன்னு. ‘ஒருத்தர் சொன்னாங்க’ன்றா. யாருன்னா சொல்ல மாட்டேன்றா. ரெண்டு வருஷமா என்கிட்டதான் கேப்பா. நான் சொல்றத நாலுல ஒண்ணுதான் கேப்பா, அது வேற. ஆனா என்கிட்டதான் கேப்பா. இப்ப புதுசா எவன்கிட்டயோ போய்க் கேட்டு, அவன் சொன்னான்னு படையவே அனுப்பிட்டாளேன்னு எனக்கு வயிறு எரிஞ்சிது. ரெண்டு நாள் பேசல நான்.”

“மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டு சோறு கூட சரியா துன்னல,” என்றார் ஸ்டெல்லா.

எனக்கு அப்போதுதான் நினைவு வந்தது. பிப்ரவரி. நான் சோபாவில் படுத்துப் போன் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் லேப்டாப்பை என் பக்கம் திருப்பி, “ஆதி, நீயா இருந்தா வடக்க போவியா, கெழக்க போவியா?” என்றாள். நான் திரையைப் பார்க்கவில்லை. “வடக்க,” என்றேன். அவளுடைய ஆட்டத்தைப் பற்றி அவள் என்னிடம் கேட்ட ஒரே கேள்வி அது. “ஏன்?” என்றாள். “சும்மாதான்,” என்றேன். லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

“நான்தான்,” என்றேன்.

பெர்னார்ட் புரியாமல் பார்த்தான்.

“வடக்க போகச் சொன்னது. நான்தான் சொன்னேன். எனக்கு இந்த ஆட்டத்தப் பத்தி ஒண்ணுமே தெரியாது.”

அவன் ஸ்டெல்லாவைப் பார்த்தான். பிறகு வரைபடத்தில் பனி இருந்த பக்கத்தைப் பார்த்தான்.

“நீயா அது,” என்றான். நீங்க போய்விட்டிருந்தது. “உன்ன நான் என்னவெல்லாம் திட்டியிருக்கேன் தெரியுமா.”

“நானும்தான்.”

“என்னையா? எதுக்கு?”

ஸ்டெல்லா இருந்தார். நான் திரையைப் பார்த்தேன். அவரே, “எதுக்குன்னு கேக்கறான் பாரு,” என்று சொல்லிவிட்டு டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

“அன்னிக்கு பதினாலு நிமிஷம் பேசியிருக்கீங்க,” என்றேன். “எனக்கு அது வேணும்.”

“ஆட்டம்தான் மச்சா. வேற ஒண்ணும் இல்ல.”

“ஆட்டம்னாலும் சரி. கடைசி வரைக்கும் சொல்லுங்க.”

அவன் கண்ணை மூடிக்கொண்டு யோசித்தான். அவசரப்படவில்லை. அதற்கு அவனுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

“மதில் ரெண்டு டர்ன் தாங்குமா, மூணு தாங்குமான்னு கேட்டா. நான், தாங்காது, பேசாம ஜனவரி ஃபைல எடுத்து மறுபடி அங்கேருந்து ஆடு, வடக்க போனதே இல்லன்னு ஆயிடும்னேன். முடியாதுன்னா. போனது போனதுதான், அழிச்சிட்டு ஆடறதுக்கு வேற வேல பாக்கலாம்னா. அதுக்கு ஒரு அஞ்சு நிமிஷம் சண்ட. அப்புறம் ஞாயித்துக்கிழமை ஸ்டெல்லாவ கூட்டிட்டு சாப்பிட வாங்கன்னா. ரெண்டு வருஷமா பேசறோம், நேர்ல பாத்ததே இல்லயே, ஆதியும் இந்த வாரம் ஊருக்குப் போகல, வீட்லதான் இருப்பான்னா. ஆதிகிட்ட கேட்டியான்னேன். இன்னும் இல்ல, ராத்திரி சொல்றேன்னா. கோழியா மட்டனான்னு கேட்டா. மட்டன்னேன். ஒடம்பு சரியில்லன்னுலாம் ஒண்ணுமே சொல்லல மச்சா, சத்தியமா. நல்லா சிரிச்சிட்டுத்தான் இருந்தா.”

“அப்புறம்?”

“அவ்ளோதான். வைக்கறேன்னா. சரின்னேன். வைக்கறதுக்கு முன்னாடி இன்னொண்ணு சொன்னா. எனக்கு அப்ப புரியல, உளர்றான்னு நெனச்சேன்.”

“என்ன சொன்னா?”

பெர்னார்ட் அதை அவள் சொன்ன மாதிரியே சொன்னான். குரலைத் தாழ்த்தி, வேகமாக.

“ஞாயித்துக்கிழமை ஆதி ஏதாவது கேட்டா, வடக்க போனதுதான் கரெக்ட்டுன்னு சொல்லிடு மச்சா.”